இசைக்கு எழுத்து

கொள்ளேகாலத்திலிருந்து மலை மாதேசுவரர் கோயிலுக்குச் செல்லும் சாலையிலே ஹனூர் என்னும் ஊர் இருக்கின்றது. அவ்வூரிலே நமக்குப் பழக்கமான தமிழ்க் குடும்பம் ஒன்று உண்டு. அவ்வீட்டு மூதாட்டியார் மாரியம்மன் நோன்புக்குரிய கும்மிப் பாட்டு ஒன்றைப் பதினாறு கண்ணிகளும் பிசகாமல் பாட வல்லவர். மகளுக்கு அவற்றுள் எட்டுக் கண்ணிகள் தெரியும். மெட்டோ நடுவழியிலே ஏதோ ஒரு திரைப்பாட்டின் மெட்டோடு போய்க் கலந்துவிடும். கன்னடப் பள்ளியிலே படிக்கும் பேத்திக்கு முதல் அடியின் ஓசை மட்டுமே நினைவில் நிற்கின்றது. மூன்று தலைமுறைக்குள்ளே ஒரு பாட்டு இவ்வாறு தேய்ந்து போயிற்று.

ஒருநாள் பேத்தி ஓர் ஏட்டை எடுத்து வந்து, "பாட்டி, சொல்லுங்க, எழுதிக்கிறேன்," என்றாள். மூதாட்டியார் சிரித்தார். "சொல்லை எழுதிக்குவே கண்ணு, இழுப்பை எப்படி எழுதுவே?" என்று கேட்டார்.

எழுதப் படிக்க அறியாத அம்மூதாட்டியார் கேட்ட வினா மிகப் பழைய வினா. உலகின் பல பகுதிகளிலே பேரறிவாளர் பலரை வருத்திய வினா. அதற்கு விடை காண முயன்றவர்களுள் இருவரைப் பற்றியும், அம்முயற்சிகளிலிருந்து தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நாம் கற்க வேண்டிய பாடத்தைப் பற்றியும் இன்று சிறிது சிந்திப்போம்.

வெளியே வாழும் நாம் என்று சொன்னோம். அச்சொல் ஹனூருக்கு முழுவதும் பொருந்தாது. பிழைப்புத் தேடி வந்தவர் அங்கே உண்டு. பரம்பரையாக இருந்த இடத்திலேயே இருக்கின்றவரும் உண்டு. கொள்ளேகால வட்டம் 1956 வரையில் சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவாரியாக அமைந்தபொழுது அது மைசூர் மாநிலத்துக்கு வந்தது. மைசூர் மாவட்டத்தில் இருந்த அப்பகுதி 1997இல் சாமராஜநகர் மாவட்டமாகப் பிரிந்தது. பின்னர் ஹனூர் தனி வட்டமும் ஆயிற்று. ஆகவே, ஆள் பெயர்ந்தாலும் எல்லை பெயர்ந்தாலும் விளைவு ஒன்றே. பாட்டைக் கற்றுத் தரும் சூழல் நம்மைவிட்டு விலகிப் போகின்றது. அத்தை, பெரியம்மாள், பக்கத்து வீட்டார் என்று பத்துப் பேர் கூடிப் பாடிய இடத்திலே ஒருவர் மட்டும் எஞ்சுகின்றார். அவ்வொருவருக்குப் பின்னர் யார்?

முதலில் இத்தாலி நாட்டுக்குச் செல்வோம். கி.பி. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, அட்ரியாட்டிக் கடலை ஒட்டிய பொம்போசா என்னும் இடத்து மடத்திலே குவீதோ என்னும் பெனடிக்டு சபைத் துறவி வாழ்ந்து வந்தார். ஆண்டு முழுவதும் நாள்தோறும் பல வேளைகளிலே வழிபாட்டுப் பாட்டுக்களைப் பாடுதல் அம்மடத்தாரின் கடமை. பாட்டுக்களோ எண்ணிறந்தவை. சொற்களுக்கு மேலே சிறுசிறு கீற்றுக்களை இட்டு எழுதும் வழக்கம் அக்காலத்திலும் இருந்தது. குரல் ஏறுகின்றதா இறங்குகின்றதா என்பதை அக்கீற்று ஒருவாறு காட்டும். எத்துணை ஏறுகின்றது, எத்துணை இறங்குகின்றது என்பதைக் காட்டாது. பாட்டை முன்னரே அறிந்தவனுக்கு அது நினைவூட்டும். அறியாதவனுக்கு ஒன்றும் சொல்லாது. ஆதலின் ஒவ்வொரு பாட்டையும் ஆசிரியர் வாயிலாகவே கேட்டுக் கேட்டு மனனம் செய்ய வேண்டியிருந்தது. பத்தாண்டுகள் உழைத்தும் பாடகர்கள் முழுமை பெறவில்லை என்பது குவீதோவின் குறை.

அவர் செய்தது மிக எளிய காரியம். சொற்களுக்கு மேலே கிடைக்கோடுகளை இழுத்தார். ஒவ்வொரு கோடும் ஒரு சுரத்துக்கு இடம். இரு கோடுகளுக்கு இடையிலுள்ள வெளி அடுத்த சுரத்துக்கு இடம். ஒரு கோட்டுக்குச் சிவப்பும் மற்றொன்றுக்கு மஞ்சளும் தீட்டினார்; கோட்டின் தலைப்பிலே அது எந்தச் சுரத்துக்குரியது என்பதற்கு ஓர் எழுத்தையும் இட்டார். அவருக்கு முன்னரே ஒற்றைக் கோடும் இரட்டைக் கோடும் இழுத்துப் பார்த்தவர்கள் உண்டு. அதனை முறையாக வகுத்து, சிறுவனும் கற்கத்தக்கதாக ஆக்கியது குவீதோவின் தொண்டு. சுரம் இருக்கும் உயரத்தைக் கண்ணே கண்டு கொள்ளலாயிற்று. மாடிப்படியிலே கால் வைப்பவன் எத்தனையாவது படி என்று அறிவது போலப் பாடகன் தன் குரல் நிற்கும் இடத்தை அறிந்தான்.

அவர் கண்ட உபாயம் இன்னொன்றும் உண்டு. யோவான் முனிவரைப் போற்றும் பழைய இலத்தீன் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டார். அதன் முதல் ஆறு தொடர்களும் ஒன்றைவிட ஒன்று ஒரு சுரம் உயர்ந்து தொடங்கும்படி மெட்டு அமைந்திருந்தது. அத்தொடர்களின் முதல் அசைகளாகிய உத், ரே, மி, ஃபா, சோல், லா என்பவற்றையே ஆறு சுரங்களுக்கும் பெயராக வைத்தார். நம் வழக்கிலே சொன்னால், சங்கராபரணத்தின் ச, ரி, க, ம, ப, த என்னும் ஆறு இடங்கள் அவை. சிறுவர்கள் தாம் நன்கு அறிந்த ஒரு பாட்டைக் கொண்டு, அறியாத பாட்டின் சுரத்தைப் பிடித்தார்கள். ஏழாவது சுரத்துக்குரிய பெயர் பிற்காலத்திலே சேர்ந்தது. உத் என்பதும் பெரும்பாலும் தோ என மாறிற்று.

ஆசிரியர் அருகில் இல்லாமலே, முன்பு கேளாத பாட்டை மாணவன் பாட வேண்டும் என்பதே குவீதோவின் நோக்கம். இம்முயற்சி சொந்த மடத்திலே அவருக்குப் பொறாமையைத் தேடித் தந்தது. பொம்போசாவை விட்டு அரெத்சோ என்னும் நகருக்குச் சென்றார். அங்கே மேற்றிராணியார் தெயோதால்து ஆதரவு அளித்தார். 1026ஐ ஒட்டித் தம் இசை இலக்கண நூலை இயற்றினார். புகழ் உரோமாபுரிக்கு எட்டிற்று. பாப்பரசர் 19ஆம் யோவான் அவரை அழைத்து, அந்தப் பாட்டு ஏட்டைப் புரட்டி, தாம் அதுவரை கேட்டறியாத பாட்டு ஒன்றைத் தாமே பாடிப் பார்த்து வியந்தாராம். இச்செய்தியைப் பழைய மடத்து நண்பர் மிக்கேல் என்பவருக்குக் குவீதோ எழுதிய மடலிலிருந்து அறிகின்றோம். பத்தாண்டுக் கல்வி ஓராண்டிலோ இரண்டாண்டிலோ கைகூடும் என்றும் அம்மடலிலே அவர் எழுதுகின்றார். இன்று மேனாட்டு இசை முழுவதும் எழுதப்படும் ஐங்கோட்டு முறை, அத்துறவி இழுத்த கோடுகளிலிருந்து வளர்ந்ததேயாகும். தாளத்தின் கால அளவை எழுதும் முறை பின்னர் 13ஆம் நூற்றாண்டிலே செம்மையுற்றது.

நம் நாட்டிலிருந்தே சுரப்பெயர்கள் இத்தாலிக்குச் சென்றன என்று சிலர் பெருமையோடு கூறுவதுண்டு. அதற்குச் சான்று இல்லை. இல்லாத சான்றைத் தேடி நாம் அலைய வேண்டுவதும் இல்லை. குவீதோ பிறப்பதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, தமிழ்நாட்டிலே இசையை எழுதி வைத்த பெருமை நமக்கு உண்டு. அதுவும் தோலிலோ ஓலையிலோ அன்று, கல்லிலே.

புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையிலே மேலைக்கோயில் என்னும் குடைவரைக் கோயில் ஒன்று இருக்கின்றது. அதனை ஒட்டிய பாறைச் சரிவிலே கி.பி. 7ஆம் நூற்றாண்டையொட்டிய எழுத்தமைதியில், பல்லவர் காலத்துக் கிரந்த எழுத்திலே, சுரங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஏழு பகுதிகள், ஒவ்வொன்றும் ஓர் இராகத்துக்கு உரியது. மத்யமக்கிராமம், சட்ஜக்கிராமம், சாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்யமம், கைசிகம் என்பன அவ்விராகங்கள். சுரங்கள் நான்கு நான்காகக் கோக்கப்பட்டுள்ளன. வெறும் ச, ரி, க என்று அமையாமல், ச, சி, சு, செ என்றாற்போல ஒரே சுரம் வெவ்வேறு உயிரொலியோடு வருகின்றது. சில எழுத்துக்களின் மேலே புள்ளியும் உண்டு. இறுதியிலே ஒரு வடமொழிக் குறிப்பு. உருத்திராசாரியர் என்னும் சைவ ஆசிரியரின் மாணாக்கரும் பரம மாகேசுவரருமாகிய ஓர் அரசர், மாணவர்களின் நன்மைக்காக இவற்றைச் செய்தார் என்பது அதன் பொருள். இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்று தமிழிலே ஒரு குறிப்பும் இருக்கின்றது. அவ்வரசர் மகேந்திரவர்ம பல்லவரே என்பது முன்னாளைய கருத்து. அதனை இன்று அறிஞர் பலர் ஏற்பதில்லை.

மாணவர்களின் நன்மைக்காக என்னும் அச்சொல்லை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். அரசர் தம் வெற்றியைப் பொறிக்கவில்லை, கொடையைப் பொறிக்கவில்லை. தாம் குருவினிடம் கற்றதைத் தமக்குப் பின் வருவோர்க்கு வைத்துச் செல்லப் பாறையை நாடினார். இத்தாலியத் துறவியின் நோக்கமும் இதுவே அன்றோ? கடலும் காலமும் இடையிட்டு நின்ற இருவரும் ஒரே கவலையைக் கொண்டிருந்தனர்.

ஆயினும் முடிவு வேறாயிற்று. குடுமியான்மலைக் கல் இன்றும் நிற்கின்றது. எபிகிராபியா இந்திகாவின் 12ஆம் தொகுதியிலே பி. ஆர். பண்டார்கர் அதனை ஆராய்ந்து வெளியிட்டு நூறாண்டுகள் கடந்துவிட்டன. அறிஞர்கள் தொடர்ந்து ஆராய்கின்றனர். ச, சி, சு, செ என்னும் வேறுபாடு நுண்சுருதிகளைக் குறிப்பது என்பர் சிலர். வீணையை மீட்டும் முறையைக் குறிப்பது என்பர் வேறு சிலர். எழுத்தைப் படிக்கின்றோம், இசையை உறுதியாகப் பாட முடியவில்லை. அக்காலத்து மாணவனுக்கு அக்குறியீடு தெளிவாகவே இருந்திருக்கும். விளக்கிச் சொல்ல ஆசிரியர் பக்கத்திலே இருந்தார். அந்த ஆசிரியப் பரம்பரை என்றோ அறுந்தது. கல் பிழைத்தது, குரல் பிழைக்கவில்லை.

குவீதோவின் எழுத்தோ கோட்டின் தலைப்பிலேயே திறவுகோலையும் தாங்கி வந்தது. மேலும், மடங்களிலே நாள்தோறும் பாட்டு ஓயாமல் ஒலித்துக் கொண்டிருந்தது. எழுத்து குரலைத் திருத்திற்று. குரல் எழுத்தை விளக்கிற்று. இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நின்றமையால் இரண்டும் வாழ்ந்தன.

இதற்கு நேர்மாறான நிலை ஒன்றும் உண்டு. குரல் இருந்து எழுத்து இல்லாத நிலை. தேவாரத்தின் சொற்களை ஏட்டிலே எழுதினார்கள், பண்ணின் பெயரையும் குறித்தார்கள், மெட்டை எழுதவில்லை. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலிலே திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பேரையும், உடுக்கையும் கொட்டி மத்தளமும் வாசிக்க இருவரையும் நியமித்தான். அவ்வாறு போற்றப்பட்ட தேவாரத்துக்கும் பண் மறந்துபோன காலம் ஒன்று இருந்தது. தில்லையிலே கரையான் அரித்த ஏடுகளிலிருந்து பாடல்களை மீட்ட பின்னர், எருக்கத்தம்புலியூரிலே திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியைக் கொண்டே பண்களை அமைத்தனர் என்று உமாபதி சிவாசாரியர் பெயரால் வழங்கும் திருமுறைகண்ட புராணம் கூறுகின்றது. அந்த ஒரு பெண்ணின் குரலும் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். பின்னர் ஓதுவார்கள் தலைமுறை தலைமுறையாக அதனைக் காத்து வந்தனர்.

ஹனூர்ப் பகுதியிலே இதற்கு மற்றொரு சான்று கண்முன்னே இருக்கின்றது. மலை மாதேசுவரர் இடைக்காலத்தில் வாழ்ந்த சைவத் துறவி என்பது மரபு. அவருடைய வரலாற்றைக் கம்சாளே என்னும் வெண்கலத் தாளங்களைத் தட்டிக்கொண்டு அடியார்கள் கன்னடத்திலே இரவெல்லாம் பாடுவர். சேலம், ஈரோடு, தருமபுரிப் பக்கங்களிலிருந்து மலையேறும் தமிழரும் அப்பாட்டைக் கேட்டு நிற்பதுண்டு. அக்காவியத்தின் சொற்களை அறிஞர்கள் அச்சிட்டிருக்கின்றார்கள். மெட்டும் தாளக்கட்டும் குருவின் வாயிலிருந்து சீடனின் செவிக்குச் செல்வனவாகவே இருக்கின்றன. சீடர் குறைந்தால் பாட்டும் குறையும். அவர்களுடைய கவலையும் நம் மூதாட்டியாரின் கவலையும் வேறல்ல.

எழுத்தையும் குரலையும் சேர்த்துக் காப்பதற்கு அண்மைக் காலத்திலே நம்மவர் செய்த அரும்பணி ஒன்று உண்டு. சென்னையிலே அரசாங்க அலுவல் பார்த்துவந்த சின்னசாமி முதலியார், 1890களிலே நம் கீர்த்தனங்களை மேனாட்டுக் கோட்டு முறையில் எழுதி வெளியிட முற்பட்டார். ஆம், குவீதோவின் கோடுகளிலேதான். எழுதும்போதே அதன் குறையும் புலப்பட்டது. நம் இசையிலே சுரம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. தோடி இராகத்தின் காந்தாரத்தை அசைவில்லாமல் பாடினால் அது தோடியாகவே இராது. அக்கமகத்தைக் கோட்டிலே எவ்வாறு நிறுத்துவது? அவருடைய தூண்டுதலாலும் எட்டயபுரம் அரசரின் ஆதரவாலும், முத்துசுவாமி தீட்சிதர் மரபிலே வந்த சுப்பராம தீட்சிதர் அப்பணியை வேறு வழியிலே நிறைவேற்றினார். சரிகமபதநி எழுத்துக்களுக்கே மேலும் கீழும் கமகக் குறிகளை அமைத்து, ஒவ்வொரு குறியையும் விளக்கி, 1904இலே சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்னும் பெருநூலைத் தெலுங்கிலே வெளியிட்டார். குடும்பச் சொத்தாகப் போற்றி வந்த பாடங்களை ஊரறியக் கொடுக்க முதலில் அவர் தயங்கினாராம். கொடுத்தமையால் அன்றோ அவை பிழைத்தன! அந்நூலைச் சென்னை மியூசிக் அகாடமி பின்னர்த் தமிழிலும் பதிப்பித்தது.

இவற்றிலிருந்து நாம் என்ன செய்யலாம்? கும்மிப் பாட்டுக்கும் நடவுப் பாட்டுக்கும் தாலாட்டுக்கும் பெரிய இலக்கணம் தேவையில்லை. சுரம் அறிந்த ஒருவர் வீட்டிலோ தெருவிலோ இருந்தால் போதும். பாடுவோரின் குரலுக்கு ஏற்ற சட்ஜத்தை முதலில் வைத்துக்கொள்க. ஒவ்வோர் அசைக்கும் உரிய சுரத்தை மேலே எழுதுக. குற்றெழுத்து ஓர் அளவு, நெட்டெழுத்து ஈரளவு; நீட்டத்துக்குக் காற்புள்ளி; மேல் தாயிக்கு மேலே புள்ளி, கீழ்த் தாயிக்குக் கீழே புள்ளி. தாளம் முடியும் இடத்திலே கோடு. குரல் அசையும் இடங்களிலே நாமே ஒரு குறியை வைத்துக்கொண்டு, அக்குறிக்கு என்ன பொருள் என்பதை ஏட்டின் முதற்பக்கத்திலே தெளிவாக எழுதிவிடுக. குடுமியான்மலை நமக்குச் சொல்லும் எச்சரிக்கை இதுவேயாகும். பாடியவர் யார், எந்த ஊரிலிருந்து பாட்டு வந்தது, எந்த நாளுக்குரியது என்பவற்றையும் சேர்த்து எழுதுக.

கைப்பேசியிலே ஒலியைப் பதிந்துகொண்டால் போதாதா என்று கேட்கலாம். பதிவு மிக இன்றியமையாதது; அதனை முதலில் செய்க. ஆயினும் பதிவு ஒருவர் ஒருநாள் பாடியதைக் காட்டும். அன்று இருமியதையும் காட்டும். பாட்டின் எலும்பு எது, சதை எது என்று எழுதும்போதுதான் நாம் அறிகின்றோம். எழுதுவதற்காகப் பத்து முறை கேட்பவன் அப்பாட்டைக் கற்றே விடுகின்றான்.

தமிழ் எழுத்து அறியாத பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்ற தயக்கமும் வேண்டாம். சரிகமபதநி எல்லா எழுத்திலும் ஒன்றே. அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் மைசூர் அரண்மனை வித்துவானாக இருந்தபொழுது, சாமுண்டேசுவரியின் மேல் 108 கீர்த்தனங்களைக் கன்னடத்திலே அமைத்தார். சொல் கன்னடம், சுரமோ திருநெல்வேலிச் சீமையிலே அவர் அறிந்திருந்த அதே சுரந்தான். ஹனூரை அடுத்த மார்ட்டள்ளியிலே மாதா கோயிலில் தமிழிலே பாடுவோரும், மாரியம்மன் கோயிலிலே கும்மி கொட்டுவோரும், கம்சாளே அடிப்போரும் பொதுவாகக் கொள்ளத்தக்க எழுத்து இது ஒன்றே.

ஹனூரிலே அப்பெண் பின்னர் என்ன செய்தாள் தெரியுமா? பள்ளியிலே ஆர்மோனியத்தோடு கற்ற சுரங்களைக் கொண்டு, பாட்டியின் கும்மியைக் கன்னட எழுத்திலே சுரம் எழுதினாள். தமிழ்ச் சொற்களையும் கன்னட எழுத்திலேயே எழுதினாள். மறுநாள் ஏட்டைப் பார்த்துப் பாடிக் காட்டினாள். மூதாட்டியார் கண்ணை மூடிக் கேட்டார். "நம்ம பாட்டுத்தான்," என்றார். சற்றுப் பொறுத்து, "மூணாவது அடியிலே இழுப்புப் போதாது, கண்ணு, இன்னொருக்கா பாடு," என்றார். பேத்தி அவ்விடத்திலே ஒரு காற்புள்ளியைச் சேர்த்தாள்.

அந்தத் திருத்தத்தைச் சொல்லக் குரல் ஒன்று இருக்கும்போதே ஏட்டைத் திறத்தல் வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் அத்தகைய குரல் ஒன்று இன்னும் இருக்கின்றது. அதற்குப் பக்கத்திலே சென்று அமர்வோமாக.